லியோ ஃபெண்டரிடம் கற்ற கணக்கு

சென்ற விடுமுறையில் நான் 88 வெள்ளி சம்பாதித்தேன். எதை விற்றேன் என்று அம்மாவுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் விற்றது ஒரு கிட்டார் ஆம்ப்பின் ஓசையை. ஆம்ப்பை அல்ல, அதன் ஓசையை மட்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் மாணவி. உயர்நிலைப் பள்ளி நாள்களிலிருந்து மின்கிட்டார் வாசித்து வருகிறேன். மின்கிட்டாரின் கம்பிகள் தாமாகப் பெரிய ஓசை எழுப்புவதில்லை. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்அலையை ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அப்படிப் பெருக்கும்போது ஒவ்வோர் ஆம்ப்பும் ஓசையில் தனக்கென்று ஒரு குணத்தைச் சேர்த்துவிடும். பழைய வால்வு ஆம்ப்களின் குணத்துக்கு இன்றும் மயங்காத கிட்டார் கலைஞர் குறைவு.

ஆனால் ஒன்பதாவது மாடியில் உள்ள எங்கள் வீவக வீட்டில் வால்வு ஆம்ப்பை முழு ஓசையில் வைத்தால் அண்டைவீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள். அதனால் என்னைப் போன்றவர்கள் கணினியையும் ஹெட்ஃபோனையும் நம்பியிருக்கிறோம். ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, ஸ்பீக்கர்முன் வைத்த மைக் வழியாக வெளிவருவதைப் பதிவுசெய்தால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் மென்பொருள் ஒப்பிட்டு அந்த ஆம்ப்பின் குணத்தைக் கற்றுக்கொள்ளும். முடிவில் கிடைக்கும் சிறிய கோப்புக்குப் புரொஃபைல் என்று பெயர். ஜெர்மனியின் கெம்பர் கருவி 2011ல் வந்த பிறகு இந்த முறை பரவியது. இப்போது இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

அப்பாவின் நண்பர் ஒருவரை நான் மாமா என்று அழைப்பேன். பழைய வானொலிப் பெட்டிகளைச் சரிசெய்வது அவருடைய பொழுதுபோக்கு. 1950களின் இறுதியில் வெளிவந்த ஃபெண்டர் பேஸ்மேன் என்ற ஆம்ப்பின் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து, பாகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்து, தம் கையாலேயே பற்றவைத்து அவர் ஓர் ஆம்ப் செய்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், என் பயிற்சிக்காக என்று சொல்லி அதன் புரொஃபைலை எடுத்துக்கொண்டேன். அன்று நான் சொன்னது உண்மைதான். இரண்டு வாரம் கழித்து, ஃபெண்டர் பேஸ்மேன் என்று பெயரிட்டு அதை இணையத்தில் எட்டு வெள்ளிக்கு விற்பனைக்கு வைத்தேன். 11 பேர் வாங்கினார்கள்.

என் தோழி ஒருத்திக்கு இது தெரிந்ததும், மாமாவிடம் கேட்டாயா என்றுதான் முதலில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மாமாவின் ஆம்ப்பே ஃபெண்டரின் நகல்தானே, நகலை நகல் எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று வாதாடினேன். வாதத்தில் வென்றேன். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த ஃபெண்டர் யார், அவர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆரஞ்சுத் தோட்டத்துச் சிறுவன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு இடையே அவருடைய பெற்றோருக்கு ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. சிறு வயதிலேயே நோயால் இடக்கண்ணை இழந்த லியோ, வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடன் வாழ்ந்தார்.

வாகன மின்கருவிக் கடை வைத்திருந்த மாமா ஒருவர், லியோவுக்குப் பதின்மூன்று வயதானபோது பழைய வானொலிப் பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தார். பின்னர் அந்தக் கடைக்குப் போன சிறுவன், உதிரிப் பாகங்களைக் கொண்டே மாமா செய்திருந்த வானொலி உரத்துப் பாடுவதைக் கேட்டு வியந்து நின்றான். அன்று பிடித்த ஆர்வம் கடைசிவரை விடவில்லை.

இருந்தாலும் லியோ கல்லூரியில் படித்தது மின்னியல் அல்ல. 1928ல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் ஃபுல்லர்டன் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உலகின் புகழ்பெற்ற ஆம்ப்களை உருவாக்கியவர் முறைப்படி கற்றது நான் படிக்கும் அதே பாடத்தைத்தான். மின்னியலைத் தாமாகவே படித்தும், பழுதான பெட்டிகளைத் திறந்து பார்த்தும் கற்றார்.

600 டாலர் கடை

கணக்காளர் வேலை அவருக்கு நிலைக்கவில்லை. அமெரிக்காவைப் பொருளியல் மந்தநிலை வாட்டிய 1930களில் நெடுஞ்சாலைத் துறையில் பார்த்த வேலை போனது. பிறகு டயர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார், அதுவும் போனது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அக்கம்பக்கத்து இசைக்குழுவினர் தங்கள் ஆம்ப்களைப் பழுதுபார்க்க அந்தக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் பாகம் எங்கே உடைகிறது, எந்த இணைப்பு விட்டுப்போகிறது என்பதை லியோ அங்கேதான் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் உருவாக்கிய கருவிகள் அனைத்திலும் அந்தப் பழுதுபார்ப்பவரின் பார்வை இருந்தது. கழுத்து வளைந்துபோனால் மொத்தக் கிட்டாரையும் எறிய வேண்டாம், நான்கு திருகாணிகளைக் கழற்றிப் புதுக் கழுத்தைப் பொருத்தினால் போதும். ஆம்ப்களையும் எளிதாகத் திறந்து சரிசெய்யும் விதத்தில் அமைத்தார்.

டாக் காஃப்மன் என்ற நண்பருடன் சேர்ந்து 1945ல் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் சிறிய ஆம்ப்களையும் தயாரிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, தொழிலை விரிவாக்கக் கடன்பட அஞ்சிக் காஃப்மன் விலகினார். லியோ தம் பெயரில் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

வாசிக்கத் தெரியாதவர் செய்த கிட்டார்

லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இளமையில் பியானோவும் சாக்சஃபோனும் கற்றவர் கிட்டாரை மட்டும் கற்கவே இல்லை. அந்தக் குறையை அவர் மறைக்கவும் இல்லை. புதிதாக எதைச் செய்தாலும் இரவு விடுதிகளில் வாசிக்கும் கலைஞர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்துவார்.

1950ல் அவருடைய நிறுவனம் திண்மரத்தால் ஆன மின்கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1951ல் பிரிசிஷன் பேஸ் வந்தது. அதுவரை ஆளுயரப் பெரிய பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் அதன்பின் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். அந்த பேஸுக்காகவே 1952ல் பேஸ்மேன் ஆம்ப் உருவானது. யாருக்காகச் செய்தாரோ அவர்களைவிடக் கிட்டார் கலைஞர்களுக்கே அது அதிகம் பிடித்துப்போனது. 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. உடம்பில் இடிக்காத வளைவு வேண்டும் என்று கேட்டவர்கள் அதை வாசிக்கவிருந்த கலைஞர்கள்தாம்.

பறிபோன பெயர்

1950ல் வந்த கிட்டாரின் இரண்டு பிக்கப் கொண்ட வடிவத்துக்கு லியோவின் நிறுவனம் வைத்த பெயர் பிராட்காஸ்டர். சில மாதங்களுக்குள் கிரெட்ஷ் நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. ஏறக்குறைய அதே பெயரில் அந்த நிறுவனம் ஏற்கெனவே டிரம்ஸ் விற்றுவந்தது. ஃபெண்டர் நிறுவனம் பெயரைக் கைவிட்டது. புதுப் பெயர் கிடைக்கும்வரை, அச்சடித்த ஒட்டுத்தாள்களிலிருந்து பிராட்காஸ்டர் என்ற சொல்லை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார்கள். அதன்பின் வந்த பெயர்தான் டெலிகாஸ்டர்.

கிரெட்ஷ் விற்றது டிரம்ஸ், ஃபெண்டர் விற்றது கிட்டார். ஒன்றையொன்று நகலெடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பெயர் வேறொருவருடையது. இன்று மின்னியல் ஆம்ப் செய்யும் நிறுவனங்கள் பல, பழைய ஆம்ப்களின் பெயரை நேராகச் சொல்லாமல் பிரிட் என்றும் டுவீட் என்றும் சுற்றிவளைப்பதற்குக் காரணம் இதுவே. நானோ எந்தத் தயக்கமும் இல்லாமல் ஃபெண்டர் பேஸ்மேன் என்று எழுதியிருந்தேன்.

அவர் எடுத்ததும் அவரிடம் எடுத்ததும்

லியோவின் மின்சுற்றுகளும் வெட்டவெளியில் பிறந்தவை அல்ல. வால்வு தயாரித்த நிறுவனங்கள் அந்நாளில் மாதிரி மின்சுற்றுகளுடன் கையேடுகள் வெளியிட்டன. தொடக்கக்கால ஃபெண்டர் ஆம்ப்கள் அவற்றை ஒட்டியே அமைந்தன. 1950களின் ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றின் உள்ளே வால்வு அட்டவணைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஏடி அண்ட் டி, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆகிய நிறுவனங்களின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றுத் தயாரித்தது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். பிறருடைய கண்டுபிடிப்பைப் பயன்படுத்தியதை ஆம்ப்பே சொல்லிவிடுகிறது.

எல்லா இடத்திலும் கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை. மெர்ல் டிராவிஸ் என்ற கலைஞருக்காக பால் பிக்ஸ்பி 1948ல் செய்த கிட்டாரில் ஆறு முறுக்காணிகளும் தலையின் ஒரே பக்கத்தில் இருந்தன. பின்னர் வந்த ஃபெண்டர் கிட்டார்களிலும் அதே அமைப்பு உண்டு. அந்தக் கிட்டாரை லியோவுக்கு இரவல் கொடுத்ததாக டிராவிஸ் பிற்காலத்தில் சொன்னார். எல்லாரும் அதை ஏற்கவில்லை, விவாதம் இன்றும் முடியவில்லை. இதைப் படித்தபோது மாமா வீட்டுச் சனிக்கிழமை என் நினைவுக்கு வந்தது. நானும் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன்.

பின்னர் லியோவிடமிருந்து மற்றவர்கள் எடுக்கும் காலம் வந்தது. 1960களின் தொடக்கத்தில் லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் இசைக்கருவிக் கடை நடத்தினார். அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்ப்களின் விலை அங்கிருந்த இளையர்களுக்கு எட்டவில்லை. மார்ஷலும் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் பேஸ்மேனின் மின்சுற்றை அடிப்படையாகக் கொண்டு 1962ல் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்பை உருவாக்கினார்கள். மின்சுற்று ஏறக்குறைய அதேதான். ஆனால் பிரிட்டனில் கிடைத்த பாகங்கள், நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்குப் பதில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள், பின்புறம் மூடிய பெட்டி எனப் பலவும் மாறியதால் ஓசையும் மாறியது. வெளியே ஒட்டியிருந்த பெயர் மார்ஷல்.

1969ல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லியோவின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை மார்ஷல் ஆம்ப்கள் வழியாகத்தான் வாசித்தார். பேஸ்மேனும் மார்ஷலும் பின்னர் ராக் இசையின் இரு வேறு குரல்களாகவே அறியப்பட்டன. மார்ஷல் குழுவினர் எடுத்தது வரைபடத்தில் இருந்த அறிவை. பாகம் தேடியதும் பெட்டி செய்ததும் பற்றவைத்ததும் அவர்கள்தாம். நான் அப்படி எதையும் செய்யவில்லை. மைக் வைத்த உழைப்பு என்னுடையது, மற்றதெல்லாம் மாமா செய்து முடித்திருந்தார்.

விற்றபின் திரும்பாத பெயர்

பல ஆண்டுகளாகக் கிருமித்தொற்றால் அவதிப்பட்ட லியோ, தமக்கு அதிக நாள் இல்லை என்று எண்ணித் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கிய கடை அது. விற்றபின் வேறொரு மருத்துவர் கொடுத்த சிகிச்சையில் நோய் குணமானது.

ஆளுக்கு உடல்நலம் திரும்பியது, பெயர் திரும்பவில்லை. 1970களில் மியூசிக் மேன் நிறுவனத்துக்காகவும், பிறகு நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்துக்காகவும் லியோ கருவிகளை வடிவமைத்தார். அவர் கையால் உருவான அந்தக் கிட்டார்களை ஃபெண்டர் கிட்டார் என்று விற்க அவருக்கே உரிமை இல்லை. பெற்றோர் தந்த பெயராக இருந்தாலும் விற்றது விற்றதுதான்.

பார்க்கின்சன் நோய் வாட்டிய இறுதி ஆண்டுகளிலும் லியோ தம் வேலை மேசைக்கு வருவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் தேதி தமது 81வது வயதில் காலமானார். அவருடைய வேலை மேசையை ஜி அண்ட் எல் தொழிற்சாலையில் அவர் விட்டுச்சென்ற நிலையிலேயே பாதுகாத்தார்கள்.

அவர் மறைந்த பிறகும் வழக்குகள் ஓயவில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் ஆகியவற்றின் உடல் வடிவங்களை வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய ஃபெண்டர் நிறுவனம் முயன்றது. பல காலமாகப் பலரும் செய்துவரும் பொது வடிவங்களாக அவை மாறிவிட்டன என்று 2009ல் அமெரிக்க வணிக முத்திரை வாரியம் மறுத்துவிட்டது. பெயர் ஒருவருக்கு உரியது, வடிவம் பொதுவாகிவிட்டது. 2019ல் ஃபெண்டர் நிறுவனமே தன் பழைய வால்வு ஆம்ப்களின் ஓசையைக் கணிப்புமுறையில் உருவாக்கும் டோன் மாஸ்டர் ஆம்ப்களை வெளியிட்டது.

என் கணக்கேடு

தோழியிடம் நான் வாதாடியதில் எங்கே தவறினேன் என்பது லியோவின் கதையை முடித்தபோது புரிந்தது. மாமாவின் ஆம்ப் நகல் என்பது உண்மை. ஆனால் மின்சுற்று வரைபடம் ஓர் அறிவு. காப்புரிமைக்குக்கூடக் காலவரம்பு உண்டு, அது முடிந்தால் எவரும் அந்த அறிவைப் பயன்படுத்தலாம். புரொஃபைல் அப்படிப்பட்டதல்ல. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் புரொஃபைல் எடுக்க முடியாது. அதற்கு உண்மையான ஓர் ஆம்ப் எதிரே நிற்க வேண்டும். அந்த ஆம்ப்பை யாரோ செய்திருப்பார், யாரோ பேணிக் காத்திருப்பார். அவரைக் கேட்காமல் விற்பதற்கு ஃபெண்டரைக் காரணம் காட்ட முடியாது. அதைவிட மோசமானதும் நடக்கிறது. பிறர் விற்கும் புரொஃபைலை வாங்கி, அதையே மீண்டும் பதிவுசெய்து தம்முடையது என்று விற்பவர்கள் உண்டு. அதில் மைக் வைத்த உழைப்புகூட இல்லை.

கணக்கியல் மாணவி என்பதால் விற்பனைக்கு ஒரு கணக்கேடு வைத்திருந்தேன். செலவு என்ற பத்தியில் மைக் வாடகையை மட்டும் எழுதியிருந்தேன். ஆம்ப்புக்கு ஒரு வரிகூட இல்லை. பாடத்தில் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்திருந்தால் பிழையை உடனே கண்டுபிடித்திருப்பேன்.

முதலில் விற்பனையை நிறுத்தினேன். வாங்கிய 11 பேருக்கும் எழுதினேன். இது ஃபெண்டர் தயாரித்த ஆம்ப் அல்ல, அதன் மின்சுற்றைப் பின்பற்றிக் கையால் செய்த ஆம்ப், வேண்டாதவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று தெரிவித்தேன். இரண்டு பேர் திரும்பக் கேட்டார்கள். மிச்சம் 72 வெள்ளி.

அதில் பாதியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், விற்கலாம் என்று தோன்றிய அன்றே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. என்னிடம் பதில் இல்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கேட்காததுதான் அவருக்கு வருத்தம்.

அவர் பணத்தை மறுத்துவிடுவார் என்று பாதி எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. 36 வெள்ளியை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுத்திருந்தால் அது அன்பளிப்பாகிப் போயிருக்கும், கணக்கு தீர்ந்திருக்காது. இனி விற்பதானால் ஃபெண்டரின் பெயரைப் போடாமல், எந்த மின்சுற்றைப் பார்த்துச் செய்தது என்பதை மட்டும் விளக்கத்தில் எழுதச் சொன்னார்.

இப்போது அந்தப் புரொஃபைல் வேறு பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு மாதத்தில் மூன்று பேர்தான் வாங்கியிருக்கிறார்கள். பழைய பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது இப்போது எண்ணிக்கையிலேயே தெரிகிறது. கணக்கேட்டின் செலவுப் பத்தியில் மைக் வாடகைக்கு மேலே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மாமாவின் ஆம்ப், பாதி.